ஆளையும் சேர்த்துத் தூக்கும் வண்டி

கிடங்கில் கூடுதலாக இரண்டு வரிசை ரேக் போட்டதில் சந்துகள் ஒடுங்கிவிட்டன. பழைய ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போனால் திரும்ப இடமில்லை. போன வழியே பின்னால் வரவேண்டும். புது வண்டி வாங்குவதென்று முடிவாகி, விற்பனைக்காரர் இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஒன்று கையை மட்டும் நீட்டிச் சரக்கை எடுக்கும். ஓட்டுகிறவர் தரையிலேயே உட்கார்ந்திருக்கலாம். மற்றதற்குச் சந்தில் திரும்ப வேண்டியதே இல்லை; ஆனால் சரக்கோடு ஆளையும் சேர்த்து ஒன்பது மீட்டர் மேலே தூக்கிப் போகும்.

பழைய வண்டியை ஓட்டுகிறவரைத் தூண் என்பார்கள். சேர்ந்த முதல் வாரம் ஒரு தூணை இடித்தார். இருபது வருடமாக வேறெதையும் இடிக்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆள் வாட்டசாட்டம். சண்டைக்கு அஞ்சமாட்டார், மேலதிகாரிக்கு அஞ்சமாட்டார். நாற்காலியில் ஏறினால் முழங்கால் தந்தியடிக்கும். கிடங்கில் இது தெரிந்த ஒரே ஆள் அவருடைய மச்சினன். அவன்தான் ரேக் மாட்டுகிறவன்.

எந்த வண்டி வந்தாலும் அதை ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் இருக்கை, முடியாதவர் வாசலில் நின்று லாரிக்குக் கை காட்டலாம் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

கை நீட்டும் வண்டி திரும்ப இரண்டே முக்கால் மீட்டர் போதும். மச்சினன் அளந்து கொடுத்த தாளில் சந்து இரண்டு எண்பது. தூணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வண்டியை அவர் புகழ்ந்த புகழ்ச்சியில் விற்பனைக்காரரே கூச்சப்பட்டார்.

மறுநாள் கையெழுத்து. அதற்கு முன் சும்மா ஒருமுறை சந்துக்குள் நடந்தார். இரு பக்கமும் சரக்கு அடுக்கிய பேலட் பலகைகள் ரேக்கைத் தாண்டி நாலு விரல்கடை துருத்திக்கொண்டிருந்தன. ரேக் மாட்டுகிறவனுக்குச் சந்து என்பது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது. சரக்கு ஏறுவதற்கு முன்பே அளந்து முடித்திருக்கிறான். தூண் டேப்பை எடுத்துப் பேலட்டின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்தார். இரண்டு அறுபத்தைந்து. கொஞ்சம் கூடக் காட்டட்டும் என்று டேப்பைத் தொங்கவிட்டு அளந்தார். அறுபத்தாறு.

மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வாயத் தொறக்காதீங்க மாமா. வண்டி வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"வந்தப்புறம் என்னத்தப் பாக்குறது? திரும்புறப்ப பேலட்ட இடிக்கும். மேல இருக்கறது எவன் தலையிலயாவது விழும்."

"சொன்னா நீங்க மேல போகணும். போவீங்களா?"

தூண் டேப்பைச் சுருட்டினார். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, அப்படியே மூடி வைத்தார்.

மறுநாள் முதலாளியம்மா பேனாவின் மூடியைக் கழற்றும்போது தூண் அளவைச் சொல்லிவிட்டார். மச்சினன் கூரையைப் பார்த்தான். விற்பனைக்காரர் அசரவில்லை. அப்படியென்றால் மற்றதுதான் என்று சொல்லி, ஏறிப் பார்க்கச் சொன்னார்.

பாதுகாப்புப் பட்டையை மாட்டி ஏற்றினார்கள். மூன்று மீட்டர் வரை தூண் கண்ணைத் திறந்திருந்தார். ஐந்தில் மூடிக்கொண்டார். ஆறில் இறங்குவதற்கு எந்தப் பிடி என்பது மறந்துபோய், கைக்கு அகப்பட்டதையெல்லாம் அழுத்தினார். ஹாரன் மட்டும் அடித்தது. கீழே இருந்த அவசரப் பிடியைத் திருப்பி மச்சினன்தான் இறக்கினான்.

"எனக்கு ஒசரம் ஆகாதும்மா," என்றார் தூண், பட்டையைக் கழற்ற வராமல். "வாசலுக்கே போயிடறேன்."

"இத முந்தாநாளே சொல்றதுக்கு என்ன?" என்றார் முதலாளியம்மா. பிறகு விற்பனைக்காரர் பக்கம் திரும்பி, இந்தச் சந்துக்குள்ளும் திரும்பணும், ஆளும் தரையில் இருக்கணும், அப்படி ஒன்று உலகத்தில் கிடையாதா என்று கேட்டார்.

இருந்தது. இடுப்பு மாதிரி நடுவில் மடிந்து, முன்பாதி மட்டும் சரக்கின் பக்கம் திரும்பும் வண்டி. இரண்டு பத்து போதுமாம். ஏன் அதைக் கொண்டுவரவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். ஆனால் ஸ்டீயரிங் வேறு தினுசாம். பழைய ஓட்டுநர்களுக்குத்தான் படிவது கஷ்டமாம்.

"இருபது வருசம் ஓட்டினதையெல்லாம் மறக்கணும்," என்றார் விற்பனைக்காரர், தூணிடம்.

"மேல போனதுலயே பாதி மறந்துடுச்சு," என்றார் தூண். "மீதிய நீங்க பாத்துக்குங்க."