இறால் மனிதன் சிரித்த ஷாட்

எழிலனைக் கொசு கடிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் அவன் மனைவி இசைவாணிதான். சிதம்பரத்தில் சாக்கடை ஓரத்து மாடி வீட்டில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். வைகாசி மாதம், சாயங்காலம், கரண்ட் வேறு இல்லை. அவள் கையையும் காலையும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்த மனுஷன் மேல் ஒரு கொசுகூட உட்காரவில்லை. ஒரு பொட்டு வியர்வையும் இல்லை.

"இன்னா மாமா, எதாச்சும் தடவிக்கினியா?"

"ஒண்ணும் இல்லியே" என்றான் எழிலன்.

எழிலனுக்கு வேலை ஊரைச் சிரிக்கவைப்பது. யூடியூப்பில் காமெடி வீடியோ போடுகிறவன். ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் இவனே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிடுவான். ஜோக்கு என்னவென்று தெரியாமலே பார்க்கிறவர்கள் சேர்ந்து சிரிப்பார்கள். இசைவாணி வீட்டை எதிர்த்து அவனைக் கட்டிக்கொண்டதே அந்தச் சிரிப்புக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

கடலூர்க்காரன் செம்பியன் அவனுடைய கூட்டாளி. ரெண்டு வருஷமாக ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுக்க வேண்டும் என்று உயிரை எடுத்து, கடைசியில் தொடங்கியேவிட்டான். படத்தின் பெயர் இறால் மனிதன். இறால் குட்டையில் தவறி விழுந்தவனுக்குச் சக்தி வந்துவிடுகிறது. அதில் கொஞ்சம் காமெடி, கொஞ்சம் சண்டை, ஒரு பேய், ஒரு அம்மா சென்டிமென்ட். எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டிய கதை. "வெளியூரு ஹீரோல்லாம் பறக்கறான். நம்மாளு நெளிவான் மச்சான்" என்று செம்பியன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். தையல்கடையில் சொல்லி ஆரஞ்சு ரெக்சினில் டிரெஸ் தைத்தார்கள். முகமூடியை கம் போட்டு ஒட்டுவார்கள். அதைக் கழற்ற தேங்காய் எண்ணெயும் அரை மணி நேரமும் வேண்டும். எடிட்டிங் இசைவாணி பொறுப்பு.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிளைமாக்ஸ் எடுத்து முடித்து வந்ததிலிருந்துதான் எழிலன் இப்படி ஆனான். கொதிக்கக் கொதிக்கக் காபியை மடமடவென்று குடித்தான். காலில் ஆணி ஏறியதை அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிடுங்கினான். பசி என்று வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை வைத்திருந்துவிட்டு, மூச்சுகூட வாங்காமல் நிமிர்ந்தான்.

செம்பியனுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்து ரீல்ஸ் போட்டான். "படம் ரிலீஸ் ஆவறதுக்குள்ள பவர் வந்துருச்சுடா இவனுக்கு!" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எழிலன் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இசைவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் சிரித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் கிளைமாக்ஸை வெட்ட உட்கார்ந்தாள். இறால் மனிதன் கடற்கரையில் செத்துக் கிடக்கிறான், கழுத்தில் மாலை, சுற்றிலும் ஒப்பாரி. ஷாட் முடிந்ததும் செம்பியனின் குரல் கேட்டது. "கட்! மச்சான், ஏந்து கேமராவப் பாத்துச் சிரிடா."

சினிமாவில் இது ஒரு வழக்கம். பிணமாகப் படுத்தவர், ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். செத்தது பொய் என்று அதே கேமரா பார்த்துவிட வேண்டும். கோடிகளில் எடுக்கிறவர்களே இதை விடுவதில்லை. நாலு பேரை வைத்துப் படம் எடுக்கிற செம்பியனும் விடவில்லை.

திரையில் இறால் மனிதன் எழுந்து உட்கார்ந்தான். கேமரா பக்கம் திரும்பினான். தோள் குலுங்கியது. முகமூடியின் வாய் மட்டும் மூடியே இருந்தது.

அவள் அப்படியே நிறுத்தினாள். முகமூடியைக் கழற்றவே இல்லை. கேமரா சிரிப்பைப் பார்க்கவே இல்லை. கொசு வராது, வியர்க்காது, வலிக்காது, பசிக்காது, மூச்சு வேண்டாம். இவ்வளவு சக்தியும் செத்தவனுக்குத்தானே உண்டு?

செம்பியனுக்குப் போன் போட்டாள்.

"கம் காஞ்சிருச்சு தங்கச்சி. வெளிச்சம் வேற போயிக்கினு இருந்துது. உள்ளார சிரிச்சான் இல்ல, அது போதும்" என்றான்.

"போதாதுண்ணே. அந்த கேமராவ எனக்கு ஒரு நாளு குடு."

எழிலனிடம் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. "சரி, போலாம்" என்றான். இப்போதெல்லாம் எது சொன்னாலும் சரி என்றுதான் சொன்னான்.

மதிய பஸ்ஸில் கடலூர் போனார்கள். கேமராவைக் கொடுத்துவிட்டு செம்பியன் ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு ஓடினான். பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் சம்பங்கி மாலை கேட்டாள். "பாடி எடுக்கறது எத்தினி மணிக்கும்மா?" என்றாள் பூக்காரி. இசைவாணி மாலையை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

தேவனாம்பட்டினத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. படகுகளுக்கு அந்தப் பக்கம் ஈர மணலில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினாள். முகமூடி இல்லாமல் எழிலன் படுத்தான். மாலையைப் போட்டாள். அது அவனுக்குப் பொருந்திப்போயிருந்தது.

"கட். ஏந்து சிரி மாமா."

எழுந்தான். பல் தெரிந்தது, கன்னம் ஏறியது. கண் சும்மா இருந்தது. அவள் ஓடிப் போய்க் கையில் அழுத்திக் கிள்ளினாள்.

"வலிக்குதா?"

"இல்ல." கடைக்காரர் சரக்கு இல்லை என்பதுபோலச் சொன்னான்.

மூன்று தடவை எடுத்தாள். அவனுடைய பழைய ஜோக்குகளை எல்லாம் சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே பல், அதே கண். அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது. இந்தச் சிரிப்புக்காக அம்மா அப்பாவை விட்டு வந்தவள் அவள். அவன் கழுத்திலிருந்த மாலையை வெடுக்கென்று பிடுங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நான் செத்துக் கெடந்தாலாச்சும் உனக்கு எதாவது தோணுதான்னு பாக்கறேன்."

அவன் கிடந்த இடத்திலேயே படுத்துக் கண்ணை மூடினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆத்திரத்தில் அது அவளுக்கு நினைப்பில்லை.

அலைச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சை அடக்கிக் கிடந்தாள். நேரம் போனது. திடீரென்று ஓர் அலறல் கேட்டது.

"வாணீ!"

ஓடி வந்தவனின் கால் ஸ்டாண்டில் தட்டியது. அவன் அவள் மேல் விழுந்து மாலையைப் பிய்த்து எறிந்தான். "ஏந்துரு வாணி, ஏந்துரு புள்ள" என்று தேம்பினான். அவன் கண்ணீர் அவள் கழுத்தில் சுடச்சுட விழுந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவளை உயிரோடு பார்த்ததும் அவன் அழுகையோடு அழுகையாகச் சிரித்தான். குலுங்கிக் குலுங்கி, பழைய சிரிப்பு. அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். மனசிலிருந்த பயமெல்லாம் விட்டுப்போகச் சிரித்தாள்.

முதலில் நிறுத்தியவன் எழிலன். அவன் பார்த்த பக்கம் அவளும் திரும்பினாள். கேமரா ஈர மணலில் முகம் குப்புறக் கிடந்தது.

அவன் ஓடிப்போய் எடுத்தான். லென்ஸ் முழுக்க மணல். தட்டினான், துடைத்தான், அமுக்கினான். அது உயிர் பெறவில்லை.

"பரவால்ல மாமா, போன்ல எடு" என்றாள். அவளுக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அவன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ம், சிரி."

சிரித்தாள்.

"சிரி வாணி."

"சிரிச்சிக்கினுதான மாமா இருக்கேன்."

அவன் போனைப் பார்த்தான். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். மறுபடியும் போனைப் பார்த்தான். அதில் பல் தெரிந்தது, கண் சும்மா இருந்தது.

"வெளயாடாத புள்ள" என்றான். போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தான். "ஒரே ஒரு வாட்டி. சிரி."