அச்சகத்துக்குப் போக வேண்டிய ஃபோல்டர்

சிந்தனைக்கு வேலி போடாதீர்கள் என்று ஒரு முழுப் புத்தகம் எழுதிய மனிதர், அதைச் சுதந்திரச் சிந்தனைச் சங்கத்தார் அத்தனை பேருக்கும் அனுப்பியபோது, அச்சகத்துக்குப் போக வேண்டிய ஃபோல்டரையே தூக்கி அனுப்பிவிட்டார். பக்கங்கள், படங்கள், கூடவே எழுத்துரு. அவர் மனைவி வருடக்கணக்கில் வரைந்த எழுத்துரு. வேறெங்கும் வராதிருந்தால் பள்ளிப் புத்தகங்களுக்கு வாங்கிக்கொள்வதாக ஒரு பதிப்பகம் சொல்லியிருந்தது.

தன் புத்தகம் லட்சணமாக வரட்டுமே என்று கெஞ்சி வாங்கியவர் இவர்தான். "வெளிய போகாதுல்ல?" என்று அவள் கேட்டாள். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

நன்றி மடல்கள் குவிந்தன. வாதங்களைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. ழகரத்தின் வால் பிரமாதம் என்றார்கள். சீக்கிரமே அந்த வால் ஒரு சோப்பு டப்பாவில் வளைந்து நின்றது. பதிப்பகம் மரியாதையாக நழுவிக்கொண்டது.

மனைவி சண்டை போடவில்லை. அதற்குப் பயந்தே அவர் வக்கீலான மைத்துனனிடம் ஓடினார்.

"கேஸ் போடலாம் அத்தான். முதல் பிரதிவாதி நீங்கதான்."

"விளையாடாதே மச்சான். காப்பி எடுத்தா திருட்டா? அவகிட்ட இருந்தது அவகிட்டயே இருக்கே!"

"இதை அக்கா முன்னாடி சொல்லுங்க. நான் வாசல்ல நிக்கிறேன், ஆம்புலன்ஸுக்கு போன் பண்ண."

"அந்தக் காப்பிரைட் சட்டமே எதுக்கு? புதுசா செய்யறவங்களுக்குத் தெம்பு கொடுக்கன்னு சொல்றாங்க. யாராவது தெம்பு கொடுத்தாங்கன்னா அவ வரைஞ்சா?"

"இல்ல. நீங்க தூங்கினப்புறம் வரைஞ்சா."

"நான் செஞ்சது தப்பா, இல்லையா?"

"உங்க வீட்டு விஷயத்துல நான் வாய் திறக்கறதில்ல." ஃபைலைப் பிரித்துவைத்துக்கொண்டான்.

சங்கத் தலைவரோ தோளில் தட்டினார். "பெரிய தியாகம் சார்!" அடுத்தவர் உழைப்பைத் தியாகம் செய்வது இவ்வளவு சுலபம் என்று இவருக்கு அதுவரை தெரியாது. கருத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது என்று தன் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் அடித்துச் சொல்லியிருந்தார். சம்மதமில்லாமல் அடுத்தவர் துரும்பைத் தொடக்கூடாது, கொடுத்த வாக்கு சட்டத்தைவிடப் பெரிது என்று முதல் அத்தியாயத்தில் முழங்கியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் மனைவி மாட்டிக்கொண்டிருந்தாள். பதில் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்து எழுத்துகளின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகீழாகப் பிடித்தால் வார்த்தை மறைந்து வடிவம் மட்டும் நிற்குமாம். எப்போதும், "இங்க வாங்க, எது இடிக்குது?" என்று கூப்பிடுவாள். அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் எதையாவது காட்டுவார், அவள் சிரிப்பாள். இன்று தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"புதுசா?"

"ம்."

"நான் பாக்கட்டுமா?"

பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.

"திட்டேன். அந்தச் சட்டத்தையே எடுத்து என் தலையில போடேன். ஏதாவது சொல்லு."

"சட்டத்த விடுங்க. அது ஊர்ல இருக்கறவங்களுக்கு." தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "சோப்புக்காரன் மேல எனக்குக் கோபமே இல்ல. அவன் எனக்கு வாக்கு கொடுக்கல. கேட்டிருந்தா நானே எல்லாருக்கும் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீங்க கேக்கல. இனிமேயும் வரைவேன். உங்ககிட்ட காட்ட மாட்டேன்."