அட்டைதாரர்

கிடங்கில் எனக்கு ‘அவசரம்’ என்று பெயர். பேக்கிங் பிரிவில் பத்து வருடமாகக் கூட நிற்பவர்கள் பார்த்து வைத்தது. லிஃப்ட் வரும்வரை நிற்க மாட்டேன், படியேறிவிடுவேன். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் சாப்பாட்டு டப்பா பாதி காலியாகியிருக்கும். இந்தக் கதையில் முதல் தப்பு அந்த அவசரம் செய்ததுதான். இரண்டாவது தப்பு என்னுடையதில்லை.

எங்களுடையது மருந்துக் கிடங்கு. குளிர் அறைப் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும் மேலாளர் மேடம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். இங்கே வேலை செய்கிறவர்களிடமிருந்தே ஆள் எடுப்பார்கள். மருந்துக் குளிர்சேமிப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். கடைசி நாள் அடுத்த மாதம் மூன்றாம் வெள்ளி, மாலை நான்கு மணி.

அந்தத் தாளை நான் மூன்று முறை படித்தேன். பத்து வருடமாக யாரோ சொன்ன பெட்டியை யாரோ சொன்ன இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். எது எங்கே இருக்கவேண்டும் என்று ஒரே ஓர் அறையிலாவது நான் சொல்ல வேண்டும். இந்த ஆசையை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று. என் வீட்டுக்காரர் அதே கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். “படியேன், யாரு வேணாம்னா?” என்று மட்டும் சொன்னார்.

வெளியே போய்ப் படிக்க வசதியில்லை. லேபிள் ஒட்டுகிற அக்காதான் வழி சொன்னாள். “பொது நூலகத்துல அட்டை இருக்கா? அதோட நம்பரப் போட்டா அவங்க தளத்துல பாடமெல்லாம் சும்மாவே தொறக்கும். என் பொண்ணு அப்படித்தான் கணக்கு எழுதப் படிச்சா.”

அட்டை இருந்தது. வீட்டுக்காரருடையது. எப்போதோ விடுமுறை நாளில் பத்திரிகை படிக்கப் போனபோது வாங்கியது. இழுப்பறையில் பழைய சாவிகளோடு கிடந்தது. எனக்கென்று புதிதாக வாங்கலாமே என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. படிவம், புகைப்படம், வரிசை. அதற்குள் நாலு பாடம் முடித்துவிடலாமே என்று அவர் அட்டை எண்ணைத் தட்டினேன். ‘வணக்கம், வாசகரே’ என்றது தளம். பெயர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்து வாரம். பதினான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு. பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி படித்தேன். அடுப்பில் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே படித்தேன். இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் எந்த மருந்து வீணாகும், கதவு எத்தனை நிமிடம் திறந்திருந்தால் எழுதி வைக்கவேண்டும், முதலில் காலாவதியாகிறதை ஏன் முன்வரிசையில் அடுக்கவேண்டும், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசி நாளுக்கு எட்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, இறுதித் தேர்வில் தொண்ணூற்றொன்று. சான்றிதழைத் தரவிறக்கு என்று வந்தது. தட்டினேன்.

‘இப்பயிற்சியை வெற்றிகரமாக நிறைவு செய்த அட்டைதாரர்’ என்பதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், என் வீட்டுக்காரரின் பெயர்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அடேங்கப்பா, நான் இவ்ளோ படிச்சிருக்கேனா?” எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. கீழ் வீட்டிலிருந்து மாவு சலிக்கிற சல்லடையைத் திருப்பித் தர வந்த என் நாத்தனார் சிரிக்கவில்லை. தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“இதுல என்ன குடி முழுகிப்போச்சு? அவனே இத வெச்சுக் கேக்கட்டும். உனக்கு முன்னாடி சேந்தவன், குடுத்துடுவாங்க. யாருக்குக் கெடச்சா என்ன, ஒரே வீடுதானே.”

“படிச்சது நான், அண்ணி.”

“இல்லங்கல. ஆனா பேரு அவனோடதா இருக்கே.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் இன்னும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போயிருந்தது. “வேணாம், நீயே பாத்துக்கோ,” என்று மேசைமேல் வைத்தார். கொஞ்சம் மெதுவாக வைத்தார்.

மறுநாள் வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டுக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன். முகப்பில் இருந்த பெண் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

“பேர மாத்த முடியாதுங்க. அட்டை யாரோடதோ, சான்றிதழ் அவங்களோடது. நீங்க உங்களுக்குன்னு அட்டை வாங்குங்க. பாடத்த மறுபடி பாக்க வேணாம், நேரா தேர்வ மட்டும் எழுதலாம். பதினாலும் எழுதணும், அப்புறம் கடைசித் தேர்வு.”

எனக்கு உயிர் வந்தது. படிவத்தை நிரப்பினேன். வசிப்பிடச் சான்று என்றாள். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். மின்சார ரசீது அவர் பெயரில். என் அடையாள அட்டையில் இருப்பது அம்மா வீட்டு முகவரி. பதினாறு வருடம் அந்த வாடகை வீட்டைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறேன், அங்கே இருக்கிறேன் என்று காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழக்கூடாது என்று படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“அதுக்கும் வழி இருக்கு,” என்றாள் அவள். “நாங்க உங்க வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்புவோம். அது உங்க கைக்கு வந்ததும் எடுத்துட்டு வாங்க. அதுவே சான்று. நாலஞ்சு நாள் ஆகும்.”

நாலஞ்சு நாள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாள். திங்கள்கிழமையிலிருந்து நெருப்பின்மேல் நின்றேன். வேலை முடிந்ததும் ஓடி வந்து தபால் பெட்டியைத் திறப்பேன். அதில் ஒன்றும் இருக்காது. மூடிவிட்டு மாடியேறிப் பாதியில் இறங்கி வந்து மறுபடி திறப்பேன், மூலையில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. செவ்வாய் ஒரு விளம்பரத் தாள் வந்தது, அதைப் போட்டவனைச் சபித்தேன். புதன் கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, “தப்பா உங்க பெட்டில விழுந்துச்சா அண்ணி?” என்று கேட்டேன். “இவ்ளோ பாடு எதுக்கு?” என்றார் நாத்தனார். அன்று சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன், படுத்தால் கால் தானாக ஆடியது. “கொஞ்சம் சும்மா இரேன்,” என்றார் வீட்டுக்காரர். சும்மா இருக்க முடிந்தால் இருக்க மாட்டேனா?

வியாழன் மாலை கடிதம் வந்தது. என் பெயருக்கு, அந்த வீட்டு முகவரிக்கு, நான் பார்த்த முதல் கடிதம்.

வெள்ளி காலை விடுப்புச் சொல்லிவிட்டேன். அவர் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். “நாலு மணிக்குள்ள முடிச்சுடுவேன்ல?” என்றேன். எனக்கு அப்போது யாராவது ஆமாம் என்று சொல்லவேண்டியிருந்தது. “முடிச்சுடுவே, போ,” என்றார்.

பத்து மணிக்கு நூலகம் திறந்தது. பத்தேகாலுக்கு என் பெயரில் ஓர் அட்டை, இன்னும் சூடாக இருந்தது. கணினிக்கு ஓர் அட்டைக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. ஐந்து தேர்வு முடிவதற்குள் திரை மங்கிவிட்டது, பின்னால் பெரியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எழுந்து மாடிப்படிக்குப் போய், மீதியைக் கைப்பேசியில் எழுதினேன். ஒன்பதாவது தேர்வில் அவசரத்தில் தப்பான கட்டத்தைத் தொட்டுத் தோற்றேன். தோற்றால் அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி திறக்கும். படியில் ஏறினேன், இறங்கினேன், தண்ணீர் குடித்தேன், முகப்புப் பெண்ணிடம் மணி கேட்டேன். கையிலேயே மணி காட்டுகிற கைப்பேசி இருந்தது. பதினான்காவது முடிந்தபோது இரண்டரை. இறுதித் தேர்வில் எண்பத்தெட்டு. அச்செடுத்த தாளில் என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மூன்று முப்பத்தைந்துக்கு மேலாளர் மேடம் அறையில் மூச்சு வாங்க நின்றேன். தாளை நீட்டினேன். அவர் படித்தார். பிறகு தன் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார்.

“காலைல எட்டரைக்கே உங்க வீட்டுக்காரர் இதக் குடுத்துட்டுப் போனாரு. ரெண்டு பேரும் சேந்தா படிச்சீங்க?”

எட்டரை. நான் அப்போது பேருந்தில் உட்கார்ந்து பாடங்களை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மேடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் என் வீட்டுக்காரருடைய வண்டி நின்றது. பெட்டிகள் அடுக்கிய பேலட் பலகை பாதி உயரத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

ஆமாம் மேடம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், முன்னாடி சேர்ந்தவர் என்று அவருக்குப் போய்விடும். இல்லையென்று சொன்னால் அவர் கொடுத்தது பொய் என்றாகும், இப்போது பார்க்கிற வேலைக்கும் ஆபத்து வரலாம். குடும்பம், மானம், நாத்தனார் முகம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“இல்ல மேடம். ரெண்டையும் நான்தான் எழுதினேன். மொதல்ல தெரியாம அவரு அட்டைல படிச்சுட்டேன். அதான் அவரு பேர்ல வந்துடுச்சு.”

மேடம் என்னையும் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரையும் பார்த்தார். குளிர் அறைக் கதவு திறந்தே கிடந்தால் என்ன செய்வேன் என்று கேட்டார், சொன்னேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், அதற்கும் சொன்னேன். பிறகு வீட்டுக்காரர் பெயர் போட்ட தாளை என்னிடமே நீட்டினார்.

“இத நான் பாக்கல. வேற யாரும் சான்றிதழ் குடுக்கல. திங்கக்கெழம ஏழு மணிக்குக் குளிர் அறைக்கு வந்துடுங்க.”

வெளியே வந்தேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“திங்கக்கெழமலேருந்து குளிர் அறைக்கு வரச் சொன்னாங்க.”

“யார?” என்றார்.

நான் அவர் பெயர் போட்ட தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

“நீ முடிக்க மாட்டேன்னு நெனச்சுட்டேம்மா,” என்றார். “வீணாப் போயிடக் கூடாதேன்னுதான் குடுத்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை, முகத்திலேயே தெரிந்தது. பொய் என்றால் ஒரு வாரம் கத்தித் தீர்த்திருப்பேன். ஐந்து வாரம் பக்கத்திலேயே இருந்து நான் படித்ததையெல்லாம் பார்த்துவிட்டு, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.