லெயார்கோவின் இடது பக்கம்

மே மாதப் பந்தயத்தில், முன்னால் போன காரின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் ஒன்று லெயார்கோ பெனாஸ்ஸியின் தலைக்கவசக் கண்ணாடியைப் பிளந்து இடது கண்ணில் அடித்தது. வெளிக்காயம் ஆறிவிட்டது. உள்ளே ஆறவில்லை. கோடை முடிவதற்குள் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டுமே மிஞ்சியது, உருவம் எதுவும் தெரியவில்லை.

அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. தேசியப் பட்டத்தை இரண்டு முறை மயிரிழையில் தவறவிட்டவன். இந்த வருடம் புள்ளிகளில் அவன்தான் முன்னால் இருந்தான். அடுத்த இடத்தில், மோதேனா நகர அணியில் அவனோடு இன்னொரு காரை ஓட்டிய இவானோ தஸ்ஸினாரி இருந்தான். பேக்கரிக்காரர் மகன், இருபத்துநான்கு வயது, பயம் என்றால் என்னவென்று தெரியாதவன்.

அணியை நடத்திய சொபோலி அம்மாள் இருவரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "அடுத்த வருஷம் ஒரே கார்தான். பட்டம் வாங்குறவனுக்குத்தான் அது. இன்னொருத்தன் வேற வேலை பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து கொட்டகையில் இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரு தார்ப்பாய் தொங்கியது.

மருத்துவப் பரிசோதனையில், வலது கண்ணால் படித்த எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டு இடது கண்ணுக்கும் ஒப்பித்தான் லெயார்கோ. மனைவி நிவெஸுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"யாரையாவது கொன்னுட்டு வந்து நிக்கப்போற," என்றாள் அவள்.

"இந்த ஒரு வருஷம் விடு நிவெஸ். இதுவும் போச்சுன்னா நான் யாருன்னு எனக்கே தெரியாது."

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் இவானோ இடப்பக்கத்திலிருந்து ஒயின் குப்பியை நீட்டினான். லெயார்கோ திரும்பவில்லை.

"என்ன கிழவா, காதும் போச்சா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே இவானோ மெல்லக் கையை உயர்த்தி, லெயார்கோவின் இடது கன்னத்தருகே விரல்களை ஆட்டிப் பார்த்தான். இமை அசையவில்லை. இவானோ கையை இறக்கிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த பந்தயத்தில் அவன் இடப்பக்கமாக வந்து முந்தினான். அதற்கடுத்ததிலும் அப்படியே. லெயார்கோவின் முன்னிலை ஒரே ஒரு புள்ளியாகக் கரைந்தது.

"நேராச் சொல்லு. உனக்கு என்ன தெரியும்?" என்று கொட்டகை வாசலில் அவனை மறித்தான் லெயார்கோ.

"எனக்கா? கார் ஓட்டத் தெரியும்."

கடைசிப் பந்தயம் முஜெல்லோவில். பட்டத்துக்கு இவர்கள் இருவரைத் தவிர வேறு ஆள் இல்லை. தொடக்கத்திலேயே லெயார்கோ முன்னால் பாய்ந்துவிட்டான், இவானோ முதுகில் ஒட்டியபடி வந்தான். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் லெயார்கோ கழுத்தை முழுக்கத் திருப்பி இடப்பக்கம் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வேகத்தைத் தின்றது. முடிவு நெருங்கியபோது, இனித் திரும்பினால் தோற்றுவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பாமலே இடது வளைவுக்குள் காரைச் செலுத்தினான்.

அங்கே இவானோ இருந்தான்.

லெயார்கோவின் கார் சுழன்று சரளையில் புதைந்தது. இவானோவின் கார் தடுப்பில் மோதி, முன்பாகம் அவன் கால்களோடு சேர்ந்து நசுங்கியது. காரை வெட்டித்தான் அவனை வெளியே எடுத்தார்கள்.

இருவரும் பந்தயத்தை முடிக்கவில்லை. ஆகவே அந்த ஒரு புள்ளியில் லெயார்கோ சாம்பியன். சரளையைக் கடந்து நடந்து வந்தவன்மேல் பாட்டில்கள் விழுந்தன. "கொலைகாரா!" என்று பார்வையாளர் மேடை முழுவதும் கத்தியது. சொபோலி அம்மாள் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"சொந்த அணிக்காரனையே இடிச்சுத் தள்ளிட்டு வாங்குற பட்டம் உனக்கு இனிக்குதா?"

அவன் வாயைத் திறந்தான். பார்த்தேன் என்றால் கொலைகாரன். பார்க்கவில்லை என்றால், ஏன் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டான்.

அன்று மாலை ஃப்ளோரன்ஸ் மருத்துவமனைக்குப் போனான். இவானோ தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"பாத்தியா?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

"தெரியும். நீ பாக்கமாட்டேன்னுதானே அந்தப் பக்கம் வந்தேன்."

லெயார்கோ கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சா ஏண்டா டாக்டர்கிட்ட சொல்லித் தொலைக்கல?"

"சொன்னா உன்ன நிறுத்திருப்பாங்க. ஆளில்லாத களத்துல ஜெயிச்சவன்னு ஊரு பேசும். எனக்கு உன்ன ஜெயிக்கணும், கிழவா." அவன் குரல் உடைந்தது. "இடது கால எடுக்கணுங்கிறாங்க. எங்கம்மா வெளிய உக்காந்து அழுதுட்டு இருக்கு. தெரிஞ்சே போய் மாட்டிக்கிட்டேன்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? சொல்லிடாத. உன் கால்ல வேணா விழறேன், சொல்லிடாத."

லெயார்கோ போர்வையை இழுத்து அவன் தோள்வரை போர்த்திவிட்டான். பிறகு வெளியேறினான்.

மறுநாள் விசாரணையில் எழுந்து நின்று, "எனக்கு இடது கண் தெரியாது. டாக்டரை ஏமாத்திட்டு ஓட்டினேன். அவன் வந்தது எனக்குத் தெரியல," என்றான்.

விசாரணைக் குழுவின் தலைவர் கேட்டார்: "உங்க கண்ணு விஷயம் தஸ்ஸினாரிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

உரிமத்தைப் பறித்தார்கள். அவனுடைய அந்த வருடப் புள்ளிகள் அத்தனையையும் அழித்தார்கள். பட்டம், காலை இழந்த இவானோவுக்குக் கிடைத்தது. அவனாலும் இனி ஓட்ட முடியாது என்பதால் சொபோலி அம்மாள் வேறொருவனுக்குக் காரைக் கொடுத்தாள்.

குளிர்காலத்தில் லெயார்கோ பேக்கரிக்கு மேலே இருந்த இவானோவின் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது இவானோவின் அம்மா.

"அரைக் குருடா! என் பிள்ள கால முழுங்கிட்டு, எந்த மூஞ்சிய வச்சுட்டு வந்த?"

அவள் தோளுக்குப் பின்னால், அடுப்பருகே நாற்காலியில் இவானோ உட்கார்ந்திருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. லெயார்கோ அவனையே பார்த்தான். ஒரு வார்த்தை போதும், 'உள்ள விடும்மா' என்றால்கூடப் போதும்.

இவானோ மடியிலிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்தான்.

அவள் கதவைச் சாத்தினாள், படிக்கட்டு இருட்டானது. லெயார்கோ சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினான்.