சிரித்த முகம் வேண்டும் என்றார்

1

இந்தக் கதை ஒரு கடைப் பலகையில் தொடங்கியது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவன் அதைப் பார்த்து இறங்கினேன். வெளியே வரும்போது கையில் குடை இருந்தது. வீட்டில் ஏற்கெனவே குடை இருக்கிறது. அந்தப் பலகை என்னை என்ன செய்தது என்று கட்டுரை எழுத உட்கார்ந்தேன். கட்டுரைக்குள் ரத்தினம்மா நுழைந்துவிட்டாள்.

2

கட்டுகஸ்தோட்டையில், பன்வில போகும் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சுந்தரலிங்கத்தின் புடவைக் கடை. பழைய பலகையில் கடைப் பெயர் மட்டும் இருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புதிய பலகையில் பச்சைப் பட்டு உடுத்திய ஒரு பெண் சிரிக்கிறாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சும்மா உள்ளே வந்து, பையோடு திரும்பினார்கள்.

[இங்கே வியாபாரம் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். போகிறவரை நிறுத்துவதுதான் பலகையின் வேலை. யாரை நிறுத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது.]

3

மருந்தெடுக்க வந்த ரத்தினம்மா பலகையைக் கண்டதும் ஓடி வந்து— (இல்லை. அவளுக்கு முழங்கால் வலி.) மெதுவாகத் தெருவைக் கடந்து உள்ளே வந்தாள்.

“என்னம்மா பாக்கிறீங்க?”

“வெளிய படத்துல இருக்கிறது என் மக, மொதலாளி. தை மாசம் செத்துப்போச்சு.”

சுந்தரலிங்கம் பலகை அடித்தவருக்குப் போன் செய்தார்.

“சிரிச்ச மொகம் வேணும்னீங்களே அண்ணே. அஞ்சலி பேனர் அடிக்கக் குடுத்த படங்கள்ல அந்தப் புள்ளதான் நல்லாச் சிரிச்சிச்சு. தலைய மட்டும் வெட்டி ஒட்டினேன். ஒடம்பும் சேலையும் வேற ஆளோடது.”

எதிர்முனை துண்டித்த பிறகும் அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அதை இறக்கினால் அவளிடம் பேச வேண்டும்.

4

இங்கே அவள் அழ வேண்டும், பலகையைக் கழற்றச் சொல்ல வேண்டும். அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“இம்புட்டு நல்ல சேல நான் அவளுக்கு எடுத்துக் குடுத்ததே இல்ல. இங்க வந்துதான் கட்டினாளா? எப்ப மொதலாளி?”

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள்.

“போர்டுல அந்தப் புள்ள கட்டியிருக்கிறத எடுத்துக் காட்டுங்க.”

“அது என் மகதான்” என்றாள் ரத்தினம்மா. குரலில் பெருமை இருந்தது. அதை நான் எழுதவில்லை.

5

ஒரு முடிவு: இங்கே வந்து கட்டிப் பார்த்தாள் என்கிறார் சுந்தரலிங்கம். பலகை இறங்காது. வியாபாரம் நடக்கும். அவளும் அடிக்கடி வந்து அதன் கீழே நிற்பாள்.

இன்னொன்று: வெட்டி ஒட்டியதைச் சொல்கிறார். அவள் தலையை நிமிர்த்தி, மகளின் கழுத்தை— (இதை முடிக்க மாட்டேன்.)

சுந்தரலிங்கம் அந்தப் பெண்களுக்குச் சேலை எடுக்கத் திரும்பிக்கொள்கிறார். ஒன்றும் வாங்கும் எண்ணமில்லாமல் உள்ளே வந்த நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். ரத்தினம்மா உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

“நீங்களாச்சும் சொல்லுங்க. எம்புள்ள அந்தச் சேலய கட்டினாளா?”