அடிப்பக்கம் ஒட்டாத ட்யூப்

ட்யூபில் க்ரீமை எந்தப் பக்கமாக நிரப்புவார்கள் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் மூடிப் பக்கம் என்பார்கள். தப்பு. மூடியைப் போட்டுத் தலைகீழாக நிறுத்தி, திறந்திருக்கும் அடிப்பக்கமாக நிரப்பி, பிறகுதான் அடியைச் சூடு வைத்து ஒட்டுவார்கள். ஊரில் மற்றவர்களுக்கு இது தெரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. ஆனால் ஆறு வருஷமாக ட்யூப் விற்கிறவரே மறந்துபோனால்? சந்தானம் மாமா எனக்கு அனுப்பிய நூற்றிருபது சாம்பிளும் அடியில் கச்சிதமாக ஒட்டப்பட்டு வந்திருந்தன.

போன் போட்டேன்.

"மாமா, எல்லாத்தையும் ஒட்டி அனுப்பிச்சிருக்கேளே, நான் எப்படி ரொப்பறது? ஊசி போட்டா ஏத்தறது?"

"திறந்தபடி அனுப்பினா தூசி போயிடுமேடி. உனக்குப் போறதேன்னு நானே ஒக்காந்து ஒண்ணொண்ணாத் தொடச்சு, கீறல் இல்லாததாப் பொறுக்கி, அப்புறம் ஒட்டச் சொன்னேன். பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு!"

லட்சணமாகத்தான் இருந்தன. சம்பந்தி வீட்டுக்குச் சீர் அனுப்புகிற மாதிரி, அட்டைப்பெட்டிக்குள் மெல்லிய காகிதம் விரித்து, வரிசையாக அடுக்கி, மேலே ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு வேறு வைத்திருந்தார். சந்தேஷை லேபில் எல்லோரும் சாப்பிட்டோம். ட்யூப்களைக் குப்பையில் போட்டேன்.

என் பெயர் பிரியம்வதா. பெஹாலாவில் க்ரீமும் ஷாம்பூவும் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. இந்தப் பூஜைக்கு நாங்கள் கொண்டுவர இருந்தது பாத வெடிப்புக்கான க்ரீம். துர்கா பூஜையின்போது பந்தல் பந்தலாக நடந்தே ஊரைச் சுற்றுகிற ஜனங்களின் குதிகாலை நம்பி எங்கள் முதலாளி அனிர்பன்தா போட்ட திட்டம். கிராம்பு எண்ணெயும் கற்பூரமும் தாராளமாகச் சேர்த்தது. குதிகாலுக்கு நல்லது, பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ட்யூப் மட்டமாக இருந்தால் அதை உள்ளிருந்தே இளக்கி, கழுத்தில் விரிசல் விட வைத்துவிடும். அதனால்தான் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் காலி ட்யூப் வாங்கி, எங்கள் க்ரீமையே நிரப்பி, நாற்பத்தைந்து டிகிரி ஓவனில் வாரக்கணக்கில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். நான் பார்த்த ஜாதகப் பொருத்தங்களைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

போன வருஷமும் பார்த்தேன். கைக்குப் பூசும் க்ரீம். வேறொரு வியாபாரியின் சாம்பிள் ட்யூப்கள் பளபளவென்று வந்தன, ஓவனில் எட்டு வாரம் கல்லு மாதிரி நின்றன, நான் கையெழுத்துப் போட்டேன். ஆர்டர் கொடுத்த பிறகு வந்து இறங்கிய ட்யூப்கள் வேறு ஜாதி. அஷ்டமி அன்று காலை இதே பெஹாலாவில் ஒரு பெண், வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட புதுப் புடவை கட்டிக்கொண்டு, கைப்பையில் எங்கள் ட்யூபைப் போட்டுக்கொண்டு பந்தலில் அம்மனுக்குப் புஷ்பாஞ்சலி செலுத்தக் கிளம்பியிருக்கிறாள். பாதி வழியில் பை நனைந்து, புடவையில் முழங்கால் வரைக்கும் எண்ணெய்க் கறை. பூஜை முடிந்து கம்பெனி திறந்த அன்றைக்கு அந்தப் புடவையோடு வாசலில் வந்து நின்றாள். "ஒரு வருஷம் காத்திருந்து வாங்கினது தீதி, அஞ்சலிகூடப் போடாமத் திரும்பிட்டேன்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. போடவில்லை. அனிர்பன்தா எல்லோர் முன்னாலும் ரிப்போர்ட்டை எடுத்து வரச் சொல்லி, கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டார். என் கையெழுத்துதான்.

அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். என் கையெழுத்து இன்னொரு தரம் பொய் சொல்லக் கூடாது. வேலையே போனாலும் சரி.

ஆகவே சந்தானம் மாமாவுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். நூற்றிருபது ட்யூப், மூடியோடு, அடிப்பக்கம் ஒட்டாமல். ஓடிக்கொண்டிருக்கும் லாட்டிலிருந்து, அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கிலிருந்து, அப்படியே எடுத்தது, லாட் எண் போட்ட சீட்டோடு. பொறுக்கி எடுத்தது வேண்டாம், துடைக்க வேண்டாம், சந்தேஷ் வேண்டாம். கடைசி வரியை எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.

பத்து நாள் கழித்து நூற்றிருபது ட்யூப் வந்தது. அடி திறந்திருந்தது. லாட் சீட்டு இல்லை. சீட்டு எங்கே என்று இரண்டு தடவை மெயில் அனுப்பினேன். பதில் என் அம்மா வழியாக வந்தது.

"சந்தானம் பேசினார்டி. நீ அவரைத் திருடன் மாதிரி நடத்தறியாமே. குரலே கம்மிப் போச்சு பாவம்."

"சீட்டு கேட்டேன்மா. திருடன்னு எங்க சொன்னேன்?"

"உங்கப்பா போனப்போ தோள் குடுத்த நாலு பேர்ல அவர் ஒருத்தர். ஞாபகம் இருக்கோல்லியோ? பேங்க்ல இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டு. நீ ஃபிராக் போட்டுண்டு இருந்தப்போ உன்னை ஸ்கூட்டர்ல கொண்டு விட்டவர்."

"அதுக்கெல்லாம் எப்பச் சொன்னாலும் விழுந்து நமஸ்காரம் பண்றேன். ட்யூபுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நம்மவா நாலு பேர் இருக்கற ஊருடி இது. மூஞ்சில முழிக்க வேண்டாமா?"

இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற இடம். இந்த பெங்காலி ஊரில், லேக் கார்டன்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். கோவிலில், சபாவில், காப்பிப் பொடிக் கடையில் எங்கே திரும்பினாலும் தெரிந்த முகம். அதெல்லாம் எனக்கும் வேண்டும், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெங்காலி வியாபாரியிடம் நான் லாட் சீட்டு கேட்டால் அது வேலை, நம்மவரிடம் கேட்டால் அது துரோகம் என்றால், அந்த நம்மவா எனக்கு வேண்டாம். அதை அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் காலையில் சாந்த்ராகாச்சி போகிறேன் என்றதும், டிபன் டப்பாவையும் குடையையும் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா ஏஜென்டாக இருந்து விற்றுக்கொடுக்கிற ட்யூப் தொழிற்சாலை சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டைத் தாண்டி ஒரு சேற்று வழியில் இருந்தது. நான் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை, மாமாவுக்கும்தான். கம்பெனி கார்டைக் காட்டினேன். சரக்கு அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் முகமது இஸ்மாயில் என்று ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். அச்சடிக்காத வெள்ளை ட்யூப், எழுபத்தைந்து மில்லி, நூற்றிருபது எண்ணம் வேண்டும் என்று இந்தியில் சொன்னேன். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"சாம்பிளுக்கா தீதி, சரக்குக்கா?"



"ரெண்டும் வேற வேறயா?"

"பின்னே?" என்றார், நான் ஏதோ சின்னக் குழந்தை மாதிரி. இடது பக்கத்து அலமாரியைக் காட்டினார். "அது கனமான ட்யூப், நடுவுல இன்னொரு அடுக்கு இருக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கொஞ்சமா ஓட்டி வெச்சுப்போம். பார்ட்டிக்குக் காட்டறதுக்கு." வலது பக்கம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினார். "இது லாரில போறது."

அந்த மனிதரிடம் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் சாம்பிள் என்று ஒரு பொருள் இருக்கிறது, சரக்கு என்று ஒரு பொருள் இருக்கிறது. பெட்டி மேல் லாட் சீட்டைக்கூடக் கேட்காமலே கிழித்துக் கொடுத்தார். நடு வரிசையில் ஒரு பெட்டியை நானே இழுத்து, தூசியோடு, கீறலோடு, எது கையில் வந்ததோ அதை எண்ணி எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே இரண்டு தட்டு. மேல் தட்டில் மாமா இரண்டாம் தடவை அனுப்பிய ட்யூப், கீழ்த் தட்டில் நான் அள்ளிய ட்யூப். இரண்டிலும் ஒரே க்ரீம், ஒரே நாள் தயாரித்தது. நிரப்பி, ஒட்டி, எடை போட்டு, ஓவன் கதவைச் சாத்தினேன். இரண்டாம் வாரமே கதவைத் திறந்தால் லேப் முழுக்கக் கிராம்பு வாசனை அடித்தது. கீழ்த் தட்டு ட்யூப்கள் பக்கவாட்டில் டொக்கு விழுந்து கிடந்தன. நாலாம் வாரம் பல ட்யூப்களின் கழுத்தைச் சுற்றித் தலைமுடி அளவு விரிசல் விட்டு, எண்ணெய் துளிர்த்து நின்றது. மேல் தட்டில் ஒரு குறையும் இல்லை. மாமா சொன்ன மாதிரியே, லட்சணம்.

ஜூலை கடைசியில் அனிர்பன்தா மாமாவை வரவழைத்தார். பூஜைக் கடைவீதி களைகட்டுகிற மகாளயத்துக்கு க்ரீம் கடைக்குப் போக வேண்டுமென்றால் ட்யூப் ஆர்டர் அந்த வாரம் போயாக வேண்டும். நான் மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து, மேல் தட்டிலிருந்து ஒன்று, கீழ்த் தட்டிலிருந்து ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அனிர்பன்தா மேல் தட்டு ட்யூபைத் தொட்டார். "இது பாஸ்தானே? இதை வெச்சு ரிப்போர்ட் எழுது."

"இது பாஸ்தான். ஆனா இதை நமக்கு யாரும் விக்கப்போறதில்ல."

மாமா பெங்காலியில் பொறுமையாக விளக்கினார். எல்லா ஊரிலும் வழக்கம் இதுதான், ஓவன் சூடு வேறு, கைப்பைச் சூடு வேறு, இத்தனை வருஷத்தில் யாரும் சாந்த்ராகாச்சி வரை போய்ப் பெட்டியைக் கிளறியது கிடையாது. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"உங்கப்பா இருந்தா இப்படிப் பண்ண விட்டிருக்க மாட்டார், பிரியா."

"அப்பாவை இதுல இழுக்காதீங்கோ மாமா. பார்க்காம ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டார்னு அவரைப் பத்தி நீங்க சொல்லுங்கோ, நான் இப்பவே போட்டுடறேன்."

அனிர்பன்தாவுக்குப் பொறுமை போனது. ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார். "கடைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு. நீ போடலன்னா நான் போடறேன். லேபுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

பயம் வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். நாற்பத்து நாலு வயதில் இந்த ஊரில் இன்னொரு லேப் தேடி அலைய வேண்டும். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கீழ்த் தட்டு ட்யூபை எடுத்து மாமா முன்னால் நீட்டினேன். அவர் அன்றைக்கு முட்டை வெள்ளையில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"மாமா, இந்த ட்யூபைச் சட்டைப் பையில வெச்சுக்கோங்கோ. ஓவன் சூடு வேண்டாம், உங்க நெஞ்சுச் சூடு போதும். பெஹாலாலேர்ந்து ஆட்டோல லேக் கார்டன்ஸ் போய் இறங்கி, அம்மாகிட்டச் சட்டையைக் காட்டுங்கோ. வெள்ளையா இருந்தா அம்மா எனக்கு போன் பண்ணட்டும், நான் பாஸ்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். உங்க கால்ல விழுந்து மன்னிப்பும் கேக்கறேன்."

மாமா ட்யூபை வாங்கிக்கொண்டார். விரல் பட்டதும் கழுத்தில் எண்ணெய் கசிந்தது. சட்டைப் பையைப் பார்த்தார். ட்யூபைப் பார்த்தார். அப்புறம் கையை மெதுவாக இறக்கி, ட்யூபை மேஜை மேல், காகிதம் விரித்திருந்த இடமாகப் பார்த்து, ஜாக்கிரதையாக வைத்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டை புதுசுடி" என்றார், ஹீனமான குரலில். "பிள்ளையாண்டான் ஹரீஷ் பெங்களூர்லேர்ந்து அனுப்பிச்சது."

"பூஜைக்கு இந்த ஊர்ல எல்லாருக்கும் புதுசுதான் மாமா."

அனிர்பன்தாவுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. யாரும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவர் காகிதத்தில் வைத்த ட்யூபையும் மாமாவின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார். ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் என் பேனாவை எடுத்தேன். 'தேறவில்லை' என்று எழுதி, லாட் எண்ணைக் குறித்தேன். எப்போதும் ஒரு கிறுக்கலாகப் போடுகிற கையெழுத்தை அன்றைக்கு அப்பா பெயரோடு சேர்த்து முழுதாக எழுதினேன்: பிரியம்வதா வெங்கடசுப்ரமணியன்.