தபாலில் வந்த சமையலறை

எங்கள் தெருப் பதினான்காம் எண் வீட்டுக்கு ஒரு சமையலறை முழுசாகத் தபாலில் வந்து சேர்ந்தது. எண்ணூறு மைல் வந்தும் ஒரு ஓடு உடையவில்லை. அடுப்பில் இருந்த வெந்நீர்கூட ஆறவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். முப்பத்தோரு வருடமாக அங்கேதான் இருக்கிறது.

அப்போது அந்த வீட்டில் இருந்தது ஒரே அறை. சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த தையற்காரி, அவள் புருஷன், மாமனார், மூன்று பெண்பிள்ளைகள் என்று ஆறு பேரும் அதில்தான். தெருவே திரண்டு உதவியது. ஒருவரையொருவர் கேட்காமல் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஒரே வாரத்தில் நாற்பது போர்வையும் ஒன்பது சுவர்க்கடிகாரமும் சேர்ந்தன. பன்னிரண்டு மணி அடித்து முடிக்க ஒரு மணி ஆகும். அப்படி ஒரு மனசு அந்த நாளில் எங்களுக்கு. ஆனால் குடியேற்ற அலுவலகத்தின் விதி, ஓர் அறைக்கு மூன்று பேர். அடுத்த மாதக் கடைசிக்குள் இன்னோர் அறை காட்டாவிட்டால் மாமனாரும் பெரிய பெண்கள் இருவரும் முகாமுக்குத் திரும்ப வேண்டும். அளவெடுக்க வரும் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் டேப்பு. தன் நிழலைக்கூட அளந்து பார்த்துத்தான் நம்புவார்.

எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்குத் தெரிந்த ஒரே உதவி, பழைய விலாசத்துக்கு வருவதைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடும் படிவத்தை நிரப்புவது. "கடுதாசியா, பார்சலா, எதைம்மா திருப்பணும்?" என்று கேட்டார். "எங்களுக்கு யாருண்ணே கடுதாசி போடப்போறாங்க? அங்க விட்டுட்டு வந்ததெல்லாம் வந்தா போதும்" என்று தையற்காரி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்பது வருடம் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் பழகிய மனுஷன். 'அங்கே விட்டுவந்தது எல்லாம்' என்று எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சமையலறை வந்தது. பக்கத்து வீடுகள், பஸ்ஸில் இடம் கொடுப்பதுபோல், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டன. அதன் ஜன்னலில் எங்கள் தெரு தெரியவில்லை. அவர்கள் ஊர்ச் சாயங்காலம் தெரிந்தது. மாமனார் புகை படிந்த சுவரில் கையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

மாதக் கடைசியில் டேப்பு வந்தார்.

"இது எப்ப கட்டினது?"

"கட்டலைங்க. தபால்ல வந்துது."

"யார் காதுல பூ சுத்துறீங்க? தபால்ல வரட்டும், தந்தியில வரட்டும். சமையலறை கணக்குல வராது. மூணு பேரும் கிளம்புங்க."

கடைக்குட்டி தாத்தாவின் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்க மாட்டேன் என்றாள். தபால்காரர் மட்டும் வாசலைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க சார், கனமான உருப்படி ஒரு நாள் ரெண்டு நாள் முன்னே பின்னேதான் வரும்" என்றார். டேப்பு பழைய அறையின் பின்சுவரில் சாய்ந்து எழுதத் தொடங்கினார். அந்தச் சுவர் மரியாதையாக விலகியது. அவர் விழுந்த இடம் மெத்தை. மேலே கூரை, எதிரே பெண்பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த நிலைக்கதவு, காலடியில் யாரோ அவசரத்தில் கழற்றிப்போட்ட சின்னச் செருப்பு. மூத்தவள் ஓடிவந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்று பார்த்தாள். மூன்று விரற்கடை வளர்ந்திருந்தாள்.

டேப்பு அந்த அறையை ஏழு முறை அளந்தார். யாரும் முகாமுக்குப் போகவில்லை.

மறுநாள் மேலதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு, "என்னய்யா இது, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார்.

"அளந்தேன் சார்," என்றார் டேப்பு. "பத்துக்குப் பன்னிரண்டு. வந்துதான் இருக்கு."